பசாரவின் விரலும் லெவினின் கடிவாளமும்: ரஷ்ய நாவலில் கொள்கைகள் எங்கே சோதிக்கப்படுகின்றன?

பழுப்புத்தாள் எழுதியது:

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த ரஷ்ய நாவல்களைப் பற்றிப் பேசும்போது யதார்த்தச் சித்திரிப்பைத் தனியாகவும் தத்துவ மோதலைத் தனியாகவும் பிரித்துப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பண்ணை வீடுகளையும் பீட்டர்ஸ்பர்க்கின் இருண்ட மாடிப்படிகளையும் நுணுக்கமாக விவரிப்பது முதலாவது. கடவுள் உண்டா, ஒழுக்கத்திற்கு அடிப்படை என்ன என்று பாத்திரங்கள் விடிய விடிய வாதிடுவது இரண்டாவது. முதலாவது சட்டி, இரண்டாவது அதில் வேகும் கறி என்பது போலப் பேசுகிறோம். என் வாசிப்பில் இந்தப் பிரிவினை நிற்கவில்லை. அந்த நாவல்களில் எந்தக் கொள்கையும் வாதத்தில் தோற்பதில்லை. வாதமெல்லாம் ஓய்ந்த பிறகு வரும் ஒரு சில்லறைச் செயலில்தான் அது தோற்கிறது. அந்தச் செயலைக் கவனிக்கும் கண்ணைத்தான் நான் யதார்த்தவாதம் என்கிறேன்.

இரண்டு இடங்களைச் சொல்கிறேன். 1862இல் வெளிவந்த துர்கனேவின் 'தந்தையரும் தனயரும்' நாவலில் அதன் இளம் நாயகன் பசாரவை யாரும் பேச்சில் மடக்குவதில்லை. நல்ல வேதியியல் அறிஞன் ஒருவன் எந்தக் கவிஞனைவிடவும் இருபது மடங்கு பயனுள்ளவன் என்று அவன் அறிவிக்கும்போது பழைய தலைமுறைப் பிரபு பாவெல் பெத்ரோவிச்சுக்குக் கோபம் வருகிறதே தவிர, பதில் வருவதில்லை. ஆனால் நாவலின் இறுதியில், டைஃபஸ் காய்ச்சலில் இறந்த ஒரு விவசாயியின் உடலை அறுத்துப் பார்க்கும்போது பசாரவின் விரலில் வெட்டு விழுகிறது. காயத்தைச் சுடுவதற்கான வெள்ளி நைட்ரேட் மாவட்ட மருத்துவரிடம் இல்லை. வீட்டுக்கு வந்து, ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவரான தன் தந்தையிடம் அவன் அதைக் கேட்கும்போது வெட்டுப்பட்டு நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. அறிவியலைத் தவிர எதையும் ஏற்காதவன், அறிவியலின் மிகச் சாதாரணமான ஒரு பொருள் அந்த மாவட்டத்து மருத்துவரின் கைவசம் இல்லாததால் சாகிறான்.

இரண்டாவது, டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வின் எட்டாம் பாகம். கதிரடிக்கும் எந்திரத்தின் அருகே நிற்கும் ஃபியோதர் என்ற விவசாயி, வயிற்றுக்காக வாழ்கிறவனையும் ஆன்மாவுக்காக வாழ்கிறவனையும் பற்றிப் போகிறபோக்கில் சொல்லும் ஒரு வாக்கியம், பல மாதங்களாகத் தற்கொலை எண்ணத்தோடு போராடிக்கொண்டிருந்த பண்ணையார் லெவினுக்கு வழி திறந்துவிடுகிறது. இனி எவரோடும் சண்டையில்லை, எல்லோரிடமும் அன்புதான் என்று அவன் உள்ளம் பொங்குகிறது. சற்று நேரத்தில் வண்டிக்காரன் இவான் ஒரு மரக்கட்டையைத் தவிர்ப்பதற்காகக் கடிவாளத்தைப் பிடிக்கிறான். 'தொடாதே, எனக்குச் சொல்லித்தர வராதே' என்று லெவின் எரிந்து விழுகிறான். எழுதும்போது ஏறத்தாழ அதே மனநிலையில் இருந்த டால்ஸ்டாய், தன் ஞானத்தையே அந்தக் கடிவாளத்தில் கட்டிச் சோதித்துப் பார்க்கிறார்.

இந்த அளவுகோலால் அளந்தால் தஸ்தயேவ்ஸ்கிதான் இவர்களில் பலவீனமானவர் என்பது என் எண்ணம். 'கரமாசவ் சகோதரர்க'ளில் குழந்தைகள் படும் துன்பத்தைக் காட்டிக் கடவுளின் ஏற்பாட்டின் மீது இவான் கரமாசவ் எழுப்பும் குற்றச்சாட்டு சொற்களால் ஆனது, அதற்கு மூத்த துறவி ஜோசிமா வழியாக வரும் பதிலும் சொற்களால் ஆனது. பதில் தோற்றுப்போனதற்கு அதுவே காரணம். மறுப்பவர்கள் எழுதலாம்.

தெற்கு வீதி எழுதியது:

பழுப்புத்தாள் அவர்களின் முதல் எடுத்துக்காட்டையே நான் மறுக்கிறேன். பசாரவின் மரணம் அவனுடைய கொள்கையைச் சோதிக்கவில்லை. மருந்துப் பெட்டியில் வெள்ளி நைட்ரேட் இல்லை என்பது ரஷ்ய மாவட்ட நிர்வாகத்தின் மீதான குற்றச்சாட்டாகலாம். அறிவியல் தேவை என்ற அவனுடைய வாதத்துக்கு அது வலுவே சேர்க்கிறது. பதில் சொல்ல முடியாத ஒருவனைக் காய்ச்சலிடம் ஒப்படைத்துவிட்டு ஆசிரியர் கைகழுவிக்கொண்டார் என்று அன்றைய இளைஞர்கள் சந்தேகித்ததில் நியாயம் இருந்தது. அவனை உண்மையிலேயே சோதிக்கும் இடம் வேறு. அது அரைப் பத்தியில் வருகிறது. விவசாயிகளோடு பேசத் தனக்குத் தெரியும் என்று பசாரவ் பெருமை கொண்டிருக்கிறான்; அந்த விவசாயிகளின் கண்ணுக்கோ அவன் ஒரு கோமாளியாகத்தான் தெரிந்தான் என்று துர்கனேவ் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். மரணத்தைவிட அந்த வாக்கியம் கொடியது.

யதார்த்தம் என்பது யாருடைய யதார்த்தம் என்ற கேள்வியை நாம் தவிர்க்க முடியாது. 1862 மார்ச்சில் ஒரே நாவலைப் பற்றி இடதுசாரி முகாமின் இரண்டு இதழ்கள் நேர் எதிராக எழுதின. 'சவ்ரெமென்னிக்' இதழில் விமர்சகர் அந்தோனவிச், இளைஞர்களை அவதூறு செய்யும் கேலிச்சித்திரம் இது என்றார். 'ருஸ்கயே ஸ்லோவோ'வில் பிசாரெவ், பசாரவில் தன்னையே கண்டு கொண்டாடினார். துர்கனேவோ, கலை பற்றிய கருத்துகளைத் தவிர மற்ற ஏறத்தாழ எல்லாவற்றிலும் தான் பசாரவோடு உடன்படுவதாகச் சில ஆண்டுகள் கழித்து எழுதினார். மூவர் முன்னாலும் இருந்தவை பசாரவ் அறுத்துப் பார்க்கும் அதே தவளைகள், அதே பண்ணை, அதே விரல். விவரங்கள் தாமாகத் தீர்ப்புச் சொல்வதில்லை.

அதே பத்தாண்டில் நடந்த இன்னொரு மோதலைப் பாருங்கள். பீட்டர் பால் கோட்டைச் சிறையில் இருந்தபடி செர்னிஷெவ்ஸ்கி எழுதிய 'என்ன செய்ய வேண்டும்?' 1863இல் வெளிவந்தது. நாவல் என்ற வகையில் அது மரக்கட்டை போல உயிரற்றது என்பதை அதன் அபிமானிகளே ஒப்புக்கொள்வார்கள். அதன் கையெழுத்துப் பிரதியின் ஒரு பகுதியை இதழாசிரியர் நெக்ராசவ் தெருவில் தொலைத்துவிட்டு, செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து மீட்டார் என்ற கதை நாவலைவிட விறுவிறுப்பானது. ஆனால் அதில் ஒரு சிறு காட்சி உண்டு. பெண்களைத் தவிர யாருக்கும் முதலில் விலகி வழிவிடுவதில்லை என்று முடிவெடுத்த ஏழை மாணவன் லபுகோவ், எதிரே மிடுக்கோடு வரும் ஒரு பெரிய மனிதரோடு தோள் மோதுகிறான். அவர் திட்டியதும் அவரைத் தூக்கிச் சாக்கடையில் பக்குவமாகப் படுக்க வைக்கிறான். சமத்துவக் கொள்கை அங்கே நடைபாதையில் நிறைவேறிவிடுகிறது.

அடுத்த ஆண்டே தஸ்தயேவ்ஸ்கி 'நிலவறைக் குறிப்புக'ளில் அந்தக் காட்சியை அப்படியே எடுத்துத் திருப்பிப் போடுகிறார். அவருடைய நாயகனை ஒரு அதிகாரி விடுதியில் நாற்காலியை நகர்த்துவது போலத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டுப் போகிறான். பழிவாங்க இவன் ஆண்டுக்கணக்கில் திட்டமிடுகிறான். நெவ்ஸ்கி வீதியில் சமமானவனாகத் தெரிய வேண்டுமே என்று அலுவலகத் தலைவரிடம் சம்பள முன்பணம் வாங்கி, மேலங்கியின் பழைய ரக்கூன் கழுத்துப்பட்டையை எடுத்துவிட்டு பீவர் ரோமப் பட்டையைத் தைத்துக்கொள்கிறான். கறுப்புக் கையுறை கண்ணியமா, எலுமிச்சை நிறக் கையுறை கண்ணியமா என்று யோசிக்கிறான். ஒவ்வொரு முறையும் கடைசி நொடியில் விலகிவிடுகிறான். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு மோதியேவிடுகிறான். அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பகுத்தறிவோடு தன்னலத்தைக் கணக்கிட்டால் மனிதன் நல்லவனாகிவிடுவான் என்ற செர்னிஷெவ்ஸ்கியின் முழு வாதத்துக்கும் அந்தக் கழுத்துப்பட்டைதான் பதில். தஸ்தயேவ்ஸ்கிக்குச் சில்லறைச் செயல்களில் கொள்கையைச் சோதிக்கத் தெரியாது என்று சொன்ன நண்பர் இந்த நூலை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை.

அரைப்பக்கம் எழுதியது:

இடையில் ஒரு குறிப்பு. இந்த மோதல்களை நூல்களுக்கு இடையிலானவையாக மட்டும் பார்ப்பது போதாது, ஏனென்றால் அன்றைய வாசகர் அவற்றை மாத இதழ்களில் தவணைமுறையில் படித்தார். மிகைல் கத்கோவ் நடத்திய 'ருஸ்கி வெஸ்த்னிக்' என்ற மாஸ்கோ இதழில்தான் 'தந்தையரும் தனயரும்' வந்தது. 1866இன் முதல் மாதங்களில் அதே இதழின் பக்கங்களில் 'குற்றமும் தண்டனையும்' ஓடிக்கொண்டிருக்க, 'போரும் அமைதியும்' நாவலின் தொடக்கப் பகுதிகள் '1805' என்ற தலைப்பில் அதனோடு சேர்ந்தே வந்தன. 'அன்னா கரீனினா', 'கரமாசவ் சகோதரர்கள்' ஆகியவையும் அங்கேதான் வெளிவந்தன. கத்கோவின் அரசியல் ஆண்டுக்கு ஆண்டு அரசின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. தாராளவாதி துர்கனேவின் நாவலுக்கும் பழைய அரசியல் கைதி தஸ்தயேவ்ஸ்கியின் நாவலுக்கும் பண்ணையார் பிரபு டால்ஸ்டாயின் நாவலுக்கும் அவரே பதிப்பாசிரியர். பணமும் அவர் கையிலிருந்துதான் வந்தது.

தத்துவம் அச்சுக்கூடத்திலும் மோதியது. தஸ்தயேவ்ஸ்கியின் 'பேய்கள்' நாவலில் ஸ்தவ்ரோகின் தன் குற்றத்தை ஒரு துறவியிடம் வெளியிடும் அத்தியாயத்தைக் கத்கோவ் அச்சிட மறுத்துவிட்டார். 1922 வரை அது வெளிச்சத்துக்கு வரவில்லை. 1877இல் 'அன்னா கரீனினா'வின் எட்டாம் பாகத்தையும் மறுத்தார், ஏனென்றால் அதில் லெவினும் அவனுடைய மாமனாரும் செர்பியாவுக்குப் போகும் ரஷ்யத் தொண்டர் படையின் உற்சாகத்தைச் சந்தேகிக்கிறார்கள். நாயகி இறந்ததோடு நாவல் முடிந்தது என்று சொல்லி, மீதிக் கதையைச் சில வரிகளில் சுருக்கி ஒரு குறிப்பு போட்டார். சினமடைந்த டால்ஸ்டாய் அந்தப் பாகத்தைத் தனி நூலாக வெளியிட்டார். பழுப்புத்தாள் மேற்கோள் காட்டிய கடிவாளக் காட்சி அந்த மறுக்கப்பட்ட பாகத்தில்தான் இருக்கிறது.

நள்ளிரவு வாசகி எழுதியது:

அரைப்பக்கம் அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் அந்தத் தனி நூலைத் தஸ்தயேவ்ஸ்கி வாங்கிப் படித்தார். பிறகு நடந்தது நம் விவாதத்தின் மையம் என்று நினைக்கிறேன்.

1877 ஜூலை, ஆகஸ்டு மாதங்களுக்கான 'ஓர் எழுத்தாளனின் நாட்குறிப்பு' இதழில் அவர் 'அன்னா கரீனினா'வை ஐரோப்பிய இலக்கியத்தில் அன்று இணையில்லாத கலைப்படைப்பு என்று புகழ்ந்தார். அதே கட்டுரையில் லெவின் மீது பாய்ந்தார். துருக்கியருக்கு எதிரான போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரு துருக்கிப் படைவீரன் கையில் ஊசியோடு ஒரு குழந்தையின் கண்ணைக் குத்தப் போகிறான், லெவின் அருகில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம், அவன் என்ன செய்வான் என்று கேட்டார். கொலை செய்யக்கூடாது என்ற தன் நன்னெறியை யோசித்துக்கொண்டே நின்றிருப்பானா? தேன்கூட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்து, தொலைவில் நடக்கும் கொடுமைக்கு உடனடி உணர்ச்சி எதுவும் தனக்குள் எழவில்லை என்று லெவின் சொல்வதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. (தஸ்தயேவ்ஸ்கியின் போர் ஆதரவை நான் ஏற்கவில்லை. அந்தக் கட்டுரைகளில் உள்ள பேரரசு வெறி இன்று படிக்கக் கூசுகிறது. அது வேறு பேச்சு.)

இரண்டே ஆண்டுகளில் அந்தக் குழந்தை மறுபடி வருகிறது. 1879இல் இவான் கரமாசவ் தன் தம்பி அல்யோஷாவிடம் தன் குற்றப்பத்திரிகையைப் படிக்கும்போது பல்கேரியாவில் துருக்கியர் குழந்தைகளுக்குச் செய்த கொடுமையில்தான் தொடங்குகிறான். பிறகு ரஷ்யர்களிடம் வருகிறான்: ஐந்து வயது மகளைக் கடுங்குளிரில் இரவு முழுவதும் கழிப்பறையில் அடைத்துவைத்த பெற்றோர், தன் வேட்டை நாயின் காலில் கல்லெறிந்த அடிமைச் சிறுவன் மீது நாய்க்கூட்டத்தை ஏவிவிட்ட தளபதி. அந்தத் தளபதியை என்ன செய்யலாம் என்று இவான் கேட்கிறான். துறவு மடத்து இளைஞனான அல்யோஷாவின் வாயிலிருந்து 'சுட வேண்டும்' என்று வந்துவிடுகிறது. லெவினிடம் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அது. லெவினை வீழ்த்துவதற்காக எடுத்த ஆயுதம் இப்போது தன் சொந்த நம்பிக்கையின் கழுத்தில் இருக்கிறது என்பது தஸ்தயேவ்ஸ்கிக்குத் தெரிந்தே இருந்தது.

பழுப்புத்தாள் அவர்கள் இவானின் பேச்சைச் சொற்களால் ஆனது என்கிறார்கள். இதழின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த லியூபிமவுக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் குழந்தைகள் பற்றிய செய்திகள் எதையும் தான் புனையவில்லை என்றும், எல்லாம் அச்சில் வந்தவை, எங்கே வந்தவை என்று காட்ட முடியும் என்றும் தஸ்தயேவ்ஸ்கி வலியுறுத்துகிறார். இவானும் தான் இவற்றைச் செய்தித்தாள்களிலிருந்தும் கதைகளிலிருந்தும் சேகரிப்பதாகத்தான் சொல்கிறான். உண்மைச் செய்திகளைத் தொகுத்து அவற்றின் வழியாகக் கடவுளின் ஏற்பாட்டை விசாரிக்கும் இவான், அந்த நாவலின் முதல்தரமான யதார்த்தவாதி.

பதில் தோற்றது என்ற கூற்றுக்கு வருகிறேன். இவானின் பேச்சு வரும் ஐந்தாம் நூலை (நாவலின் பகுதிகளுக்கு 'நூல்' என்று பெயர்) படித்த போபெதோனோஸ்த்ஸெவ், இந்த நாத்திக வாதங்களுக்கு மறுப்பு எங்கிருந்து வரும் என்று கவலையோடு கேட்டு எழுதினார். அடுத்த ஆண்டே திருச்சபை நிர்வாகத்தின் தலைமைக்கு வந்தவர் அவர். 1879 ஆகஸ்டு 24 அன்று தஸ்தயேவ்ஸ்கி எழுதிய பதிலில், ஆறாம் நூல்தான் மறுப்பு என்றும், ஆனால் அது வாதத்துக்கு வாதம் வைக்கும் நேரடி மறுப்பு அன்று, ஒரு கலைச்சித்திரமாகவே அமையும் என்றும், அது போதுமா என்று தனக்கே நடுக்கமாக இருக்கிறது என்றும் சொல்கிறார். ஜோசிமாவின் உபதேசங்களைப் பொறுத்தவரை அந்த நடுக்கம் நியாயமானதே. அந்தப் பக்கங்களை நானும் ஒவ்வொரு முறையும் சற்று வேகமாகவே புரட்டுகிறேன்.

ஆனால் உண்மையான பதில் ஆறாம் நூலில் இல்லை. அது கேள்விக்கு முன்பே, இரண்டாம் நூலில், மடத்து வாசலில் காத்திருக்கும் கிராமத்துப் பெண்களின் நடுவே இருக்கிறது. மூன்று வயது நிறைய மூன்று மாதமே குறைவாக இருந்த மகனை இழந்த ஒரு தாய், அவனுடைய சின்னஞ்சிறு இடுப்புப்பட்டையை மார்பிலிருந்து எடுத்துக் காட்டுகிறாள். அந்தக் காலடி ஓசையை ஒரே ஒருமுறை கேட்டால் போதும் என்கிறாள். ஜோசிமா முதலில், குழந்தை இறைவனின் சந்நிதியில் மகிழ்ந்திருக்கிறது என்று வழக்கமான ஆறுதலைச் சொல்கிறார். கணவனும் அதையேதான் சொன்னான் என்கிறாள் அவள். அதன் பிறகு அவர் ஆறுதலைக் கைவிடுகிறார். ஆறுதல் தேடாதே, அழு என்கிறார். 1878 மே மாதம் தஸ்தயேவ்ஸ்கியின் மகன் மூன்று வயது நிரம்பும் முன் வலிப்பில் இறந்தான். கதையில் அந்தத் தாய் இழந்த மகனைப் போலவே அவன் பெயரும் அலெக்ஸேய்தான். அடுத்த மாதம் அவர் இளம் மெய்யியலாளர் சலவ்யோவோடு ஒப்தினா மடத்துக்குப் போய் மூத்த துறவி அம்ப்ரோசியைச் சந்தித்தார். குழந்தையின் துன்பத்துக்கு எந்த எதிர்கால இசைவும் ஈடாகாது என்று இவான் சொல்வதை, அந்தத் தாயின் முன்னால் ஜோசிமா ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

இன்னொன்று. லெவினின் ஞானத்தைக் கடிவாளத்தில் சோதித்ததற்காக டால்ஸ்டாயைப் பாராட்டுகிறோம். தஸ்தயேவ்ஸ்கி தன் துறவியையே பிணமாக்கிச் சோதிக்கிறார். புனிதரின் உடல் அழியாது, அற்புதம் நிகழும் என்று நகரமே திரண்டு காத்திருக்க, மற்ற பிணங்களைவிட விரைவாக அந்த உடல் நாறத் தொடங்குகிறது. துறவிகள் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பிறகு சிலருடைய முகத்தில் மகிழ்ச்சி தெரிகிறது. சமயப் பிரசாரம் செய்ய உட்கார்ந்த ஒருவர் எழுதக்கூடிய அத்தியாயமா அது?

பழுப்புத்தாள் எழுதியது:

இடுப்புப்பட்டைக் காட்சியை நான் மறுக்கவில்லை, அது நாவலின் உச்சங்களில் ஒன்று. ஆனால் நள்ளிரவு வாசகி அவர்கள் சொன்னதே என் பக்கம் பேசுகிறது: உபதேசம் வரும்போது வேகமாகப் புரட்டுகிறோம், இடுப்புப்பட்டை வரும்போது நிற்கிறோம். பிணம் நாறிய அன்றிரவே அல்யோஷாவுக்கு விவிலியத்தில் வரும் கானா ஊர்க் கல்யாணம் கனவில் வருகிறது. வெளியே வந்து மண்ணில் விழுந்து முத்தமிடுகிறான். எழும்போது வாழ்நாள் முழுமைக்குமான உறுதி பெற்றவனாக எழுகிறான். லெவின் மறுநாளும் வண்டிக்காரனைத் திட்டுவான், அதை அவனே நாவலின் கடைசிப் பக்கத்தில் ஒப்புக்கொள்கிறான். அல்யோஷா இனி யாரையும் திட்டுவான் என்று எனக்குத் தோன்றவில்லை. சோதனையைத் தொடங்கிய ஆசிரியர் அதைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்பதே என் குறை.

தெற்கு வீதி எழுதியது:

சோதனையை இறுதிவரை கொண்டுபோனவர் யார் என்று கேட்டால் நான் செகாவைச் சொல்வேன். இதுவரை யாரும் அவர் பெயரை எடுக்கவில்லை என்பதே வியப்பு.

1892இல் வந்த 'ஆறாவது வார்டு' கதையில் மருத்துவர் ராகின் ஒரு மாகாண நகரத்து மருத்துவமனையை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்துகிறார். அங்கே கரப்பானும் மூட்டையும் எலியும் திரிகின்றன, நோயாளிகளைக் காவலாளி நிகித்தா முஷ்டியால் அடிக்கிறான். ராகினுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் மரணம் இயற்கை என்றால் மனிதர்கள் சாவதை ஏன் தடுக்க வேண்டும், துன்பம் என்பது நாம் கொள்ளும் எண்ணம்தானே என்று, துன்பத்தைப் பொருட்படுத்தாதே என்னும் ஸ்தோயிக்க மெய்யியலாளரான ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸை மேற்கோள் காட்டி வீட்டில் பீர் குடித்துக்கொண்டு படிக்கிறார். கதகதப்பான படிப்பறைக்கும் இந்த வார்டுக்கும் வேறுபாடு இல்லை, நிம்மதி நமக்குள்ளேயே இருக்கிறது என்று மனநோயாளி க்ரோமவிடம் சொல்கிறார். அதற்கு க்ரோமவ், ஆரஞ்சு மணக்கும் வெப்பமான கிரேக்கத்தில் போய் இந்தத் தத்துவத்தைச் சொல்லுங்கள், இந்த நாட்டு வெயிலுக்கும் குளிருக்கும் இது ஒத்துவராது என்கிறான். சிறுவயதில் உங்களை யாராவது பிரம்பால் அடித்திருக்கிறார்களா என்றும் கேட்கிறான். மெய்யியல் வரலாற்றில் இதைவிட நேரடியான எதிர்க்கேள்வி அதிகம் இருக்காது.

பிறகு சக மருத்துவர்களின் சூழ்ச்சியால் ராகினையே அந்த வார்டில் அடைக்கிறார்கள். செகாவ் இங்கே எதையும் உரக்கச் சொல்வதில்லை. காற்சட்டை குட்டை, சட்டை நீளம், மேலங்கியில் கருவாட்டுப் புகை நாற்றம். பிரபுவின் உடையானாலும் இந்த உடையானாலும் ஒன்றுதானே என்று ராகின் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறார். சன்னல் கம்பிகளுக்கு வெளியே சிறைச்சாலையைப் பார்த்ததும் அந்தத் தேறுதல் உடைகிறது. வெளியே விடச் சொல்லிக் கதவைத் தட்டும்போது நிகித்தா முகத்தில் குத்துகிறான். இதே வலியை இந்த மனிதர்கள் நாள்தோறும் ஆண்டுக்கணக்கில் பட்டிருக்கிறார்கள், இருபது ஆண்டுகளாக இது தனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு வருகிறது. மறுநாள் மாலை இறந்துவிடுகிறார்.

இதைப் பசாரவின் விரலோடு ஒப்பிடுங்கள். பசாரவைக் கொன்றது விபத்து. ராகினைக் கொன்ற வார்டை ராகினின் தத்துவம்தான் இருபது ஆண்டுகளாகப் பராமரித்து வந்தது. நிகித்தாவின் முஷ்டிக்குச் சம்பளம் கொடுத்தவர் அவரே. கொள்கையிலிருந்தே விளைவு பிறக்கும்போதுதான் சோதனை நியாயமாகிறது.

செகாவ் மருத்துவர், 1890இல் சகலீன் தீவுக்குப் போய் கைதிகளையும் குடியேறியவர்களையும் வீடுவீடாக அட்டை நிரப்பிக் கணக்கெடுத்தவர். 1894இல் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில், டால்ஸ்டாயின் தத்துவம் தன்னை ஆறேழு ஆண்டுகள் ஆட்கொண்டிருந்ததாகவும், இப்போது தனக்குள் ஏதோ எதிர்க்கிறது என்றும், மின்சாரத்திலும் நீராவியிலும் உள்ள மனித நேயம் கற்பு நெறியிலும் புலால் மறுப்பிலும் உள்ளதைவிட அதிகம் என்று நியாய உணர்வு சொல்வதாகவும் எழுதினார். தனக்குள் ஓடுவது விவசாயியின் ரத்தம், ஆகையால் விவசாயியின் நற்குணங்களைச் சொல்லித் தன்னை வியக்க வைக்க முடியாது என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார். லெவினுக்கு வழி காட்டிய ஃபியோதர்களைச் செகாவ் பிறந்த குடும்பம் உள்ளிருந்து அறிந்திருந்தது. அவருடைய பாட்டனார் பணம் கட்டி அடிமைத்தனத்திலிருந்து தன் குடும்பத்தை விடுவித்தவர். 1897இல் வந்த 'விவசாயிகள்' கதையைப் படித்தவர்கள் எட்டாம் பாகத்துக்குத் திரும்பிப் போகும்போது ஃபியோதரின் வாக்கியம் பழைய ஒளியோடு இருக்காது.

நள்ளிரவு வாசகி எழுதியது:

'ஆறாவது வார்டு' பற்றிய உங்கள் வாசிப்பு நன்று, ஆனால் அந்தக் கதை செகாவிலேயே ஒரு விதிவிலக்கு. ராகினை வீழ்த்துவது எளிது, ஏனென்றால் அவருடைய ஸ்தோயிக்கவாதம் சோம்பலுக்கான சாக்கு. அதைவிடக் கடினமான இடம் 1889இல் எழுதிய 'சலிப்பூட்டும் கதை'. மரணத்தை நெருங்கும் மருத்துவப் பேராசிரியர் நிகலாய் ஸ்தெபானவிச் வாழ்நாள் முழுவதும் அறிவியலுக்கு உழைத்தவர், நேர்மையானவர். தன் எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் இணைக்கும் பொதுக் கருத்து எதுவும் தன்னிடம் இல்லை என்று அவர் கண்டுகொள்கிறார். கார்கவ் நகர விடுதி அறைக்கு அவருடைய வளர்ப்பு மகள் போன்ற காத்யா வந்து, நான் என்ன செய்ய வேண்டும் என்று அழுதுகொண்டே கேட்கிறாள். செர்னிஷெவ்ஸ்கி ஒரு நாவல் முழுக்க விடை சொன்ன கேள்வி அது. பேராசிரியர், மனசாட்சிப்படி சொல்கிறேன், எனக்குத் தெரியாது என்கிறார். பிறகு, வா காத்யா, சாப்பிடலாம் என்கிறார். கேள்வியைச் சரியாக எழுப்புவதுதான் கலைஞனின் கடமை, தீர்ப்பது அன்று என்றும், 'அன்னா கரீனினா'வில் ஒரு கேள்வியும் தீர்க்கப்படவில்லை என்றும் 1888இல் சுவோரினுக்கு எழுதியவர்தான் இதையும் எழுதினார். இங்கே கொள்கை சோதிக்கப்படவில்லை, கொள்கை இல்லாமை சோதிக்கப்படுகிறது, அதுவும் தேறவில்லை. ஆகவே விவரங்களைக் கூர்ந்து பார்க்கும் கண் இருந்தால் போதும், தத்துவச் சார்பே வேண்டாம் என்று செகாவை முன்னிறுத்தி முடிவுகட்ட முடியாது.

அரைப்பக்கம் எழுதியது:

நம்மில் பலர் செகாவையும் டால்ஸ்டாயையும் முதலில் படித்தது மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் அச்சிட்டு நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் மலிவாக வந்த நூல்களில்தான். இழைக்குத் தொடர்பான கேள்வி ஒன்று: கொள்கையை நம்பியவனின் உடலிலும் வாழ்விலும் அது சோதிக்கப்படுவதைப் பற்றியே எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்தவன் அதை எடுத்துச் செயல்படுத்தினால்?

பழுப்புத்தாள் எழுதியது:

அந்தக் கேள்விக்கு ஸ்மெர்த்யாகவ்தான் விடை. நான் முதல் பதிவில் தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றிச் சொன்னதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். கடவுள் இல்லையென்றால் எல்லாம் அனுமதிக்கப்பட்டதே என்று இவான் பேசியதை அந்த வீட்டுச் சமையற்காரன் ஸ்மெர்த்யாகவ் கேட்டுக்கொண்டிருந்தான்; இவானின் தந்தையைக் கொன்று பணத்தை எடுத்தவன் அவனே. கொலைக்குப் பிறகு இவானோடு நடக்கும் மூன்றாம் சந்திப்பில் ஸ்மெர்த்யாகவ் தன் காற்சட்டையை மேலே இழுத்து, நீண்ட வெள்ளைக் காலுறைக்குள் விரலைவிட்டுத் துழாவுகிறான். அந்தக் காலுறையைப் பார்த்தே இவான் நடுங்கிச் சுவரோடு ஒண்டுகிறான். உள்ளேயிருந்து மூவாயிரம் ரூபிள் நோட்டுகள் வருகின்றன. வீட்டுக்காரப் பெண் வந்து பார்த்துவிடக் கூடாதே என்று ஸ்மெர்த்யாகவ் அந்தப் பணத்தின் மேல் தன் மேசையிலிருந்த தடித்த மஞ்சள் அட்டைப் புத்தகத்தை எடுத்து வைக்கிறான். அது 'சிரியரான ஈசாக்' எனப்படும் புனிதத் துறவியின் உரைத்தொகுப்பு. எல்லாம் அனுமதிக்கப்பட்டது என்று நீங்கள்தானே கற்றுக்கொடுத்தீர்கள் என்கிறான்.

இவானின் குற்றப்பத்திரிகைக்கு ஆறாம் நூல் பதிலாகவில்லை என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது. ஆனால் அவனுடைய தத்துவத்தின் மறுபாதிக்கு, மனிதச் செயலுக்கு வரம்பு இல்லை என்ற பாதிக்கு, அந்தக் காலுறை மறுக்க முடியாத விடை. தெற்கு வீதி கேட்ட நியாயமான சோதனையும் இதுவே, கொள்கையிலிருந்தே விளைவு பிறந்திருக்கிறது. ஸ்மெர்த்யாகவ் அன்றிரவே தூக்கிட்டுக்கொள்கிறான். மறுநாள் இவான் அந்த நோட்டுகளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து வைத்து, கொன்றவன் அவன், கொல்லத் தூண்டியவன் நான் என்கிறான். மூளைக் காய்ச்சலின் பிதற்றல் என்று அவனை வெளியே தூக்கிச் செல்கிறார்கள். ஜூரிகள் இவானின் அண்ணன் திமித்ரியைக் குற்றவாளி என்று முடிவு செய்கிறார்கள். மூவாயிரம் ரூபிள் யார் கையிலும் இருக்கலாம், இவை அதே நோட்டுகள் என்பதற்குச் சான்றில்லை என்பதுதான் அரசு வழக்கறிஞரின் வாதம்.